பழைய பிக்கப் வண்டியின் எஞ்சினை இனங்காணல்: மலைநாட்டு வரலாற்றுக்கு ஓர் இரும்புச் சான்று

கல்வெட்டொன்றின் காலத்தைத் துணியப் புகும் வரலாற்றாசிரியன் இருவகைச் சான்றுகளை நாடுவான். அக்கல்வெட்டைப் பற்றிப் பிறர் எழுதி வைத்தவை புறச்சான்று. கல்லிலேயே பொறிக்கப்பட்ட எழுத்தின் வடிவும் மொழியும் அகச்சான்று. இரண்டும் ஒத்திருப்பின் முடிபு எளிதாகும். முரண்படின் அகச்சான்றே வலியுடையது. ஆயினும் அம்முரண் எவ்வாறு தோன்றியது என்னும் வினாவுக்கு விடை கண்டாலன்றி ஆராய்ச்சி நிறைவு பெறாது. இந்நெறி கல்லுக்கும் செப்பேட்டுக்குமே உரியதன்று. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு கராஜின் முற்றத்தில் நிற்கும் பழைய பிக்கப் வண்டிக்கும் அது பொருந்தும்.

அவ்வண்டியில் உள்ளது எந்த எஞ்சின் என்பது கைவினைஞர்க்கு மட்டுமே உரிய சிறு வினாவாகத் தோன்றலாம். வண்டியின் முகப்பில் ஒரு பெயர் இருக்கும். பதிவுப் புத்தகத்தில் ஓர் எண் இருக்கும். மூடியைத் திறந்து பார்த்தால் இரண்டுக்கும் பொருந்தாத வேறொன்று இருக்கும். இவ்வாறு மூன்றும் மூன்று வழியிற் செல்லும் வண்டிகள் மலைநாட்டில் அரியவை அல்ல. இவ்வொவ்வாமையைத் தற்செயல் என்றோ ஏமாற்று என்றோ தள்ளிவிடுதல் பொருந்தாது. சுதந்திரத்துக்குப் பிற்பட்ட இலங்கையின் பொருளாதாரத் திருப்பங்கள் ஒவ்வொன்றும் தேயிலைத் தோட்டத்து வண்டியின் மூடிக்குக் கீழே தன் அடையாளத்தை விட்டுச் சென்றுள்ளது. எஞ்சினை இனங்காண்பவன் தன்னை அறியாமலே அவ்வரலாற்றைப் படிக்கிறான். அவ்வரலாற்றை அறிந்தவன் எஞ்சினைப் பிழையின்றி இனங்காண்கிறான்.

மலைப்பாதையும் தோட்டத்து வண்டியும்

1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். அதே ஆண்டில் புகையிரதம் கண்டியை அடைந்தது. 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்கவே, தேயிலை மலைநாடெங்கும் பரவிற்று. புகையிரதப் பாதை 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. ஆயினும் புகையிரதம் சென்றது நிலையம் வரைக்குமே. நிலையத்திலிருந்து தோட்டத்துக்கு அரிசியும் உரமும் ஏறவேண்டும். தோட்டத்திலிருந்து தேயிலைப் பெட்டிகள் இறங்கவேண்டும். இவ்விடைவெளியை முதலில் மாட்டு வண்டியும், செங்குத்தான மலைகளிற் கம்பிவழித் தொங்கு பாதையும், இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டியும் நிரப்பின.

தேயிலையின் இயல்பே விரைவை வேண்டுவது. கொய்த கொழுந்து நெடுநேரம் குவிந்து கிடப்பின் சூடேறிச் சிவந்து கெடும். ஆதலின் மலையின் அடியிலிருந்து தொழிற்சாலைக்குக் கொழுந்தைக் காலந்தாழ்த்தாது கொண்டுசேர்க்கும் வண்டி தோட்டத்தின் உயிர்நாடியாயிற்று. அதுவே சம்பளப் பணத்தையும் கொண்டுவந்தது. இரவில் நோயாளியையும் பிள்ளைப்பேற்றுக்கு உரிய தாயையும் மருத்துவமனைக்குச் சுமந்து சென்றதும் பல தோட்டங்களில் அதுவே.

எஞ்சினைப் பற்றிய அறிவு தோட்டத்துக்கு மோட்டார் வண்டியோடு வந்ததன்று. தேயிலைத் தொழிற்சாலையின் உருட்டும் பொறிகளையும் உலர்த்தும் பொறிகளையும் இயக்க முதலில் நீர்ச்சில்லும் நீராவி எஞ்சினும், பின்னர் எண்ணெய் எஞ்சினும் பயன்பட்டன. 1950 இல் லக்சபான நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கிய பின்னரும் பல தொழிற்சாலைகள் தம் எண்ணெய் எஞ்சின்களை உடனே கைவிடவில்லை. அவற்றைத் துடைத்தும் எண்ணெயிட்டும் ஒலிகேட்டும் பழகிய தொழிலாளர் மரபிலிருந்தே தோட்டத்து லொறிச் சாரதியும் கராஜ்ப் பாஸும் தோன்றினர். ஒலியைக் கேட்டு எஞ்சினின் நலிவைச் சொல்லும் திறம் அவ்வெஞ்சின் அறையில் முளைத்ததே.

மலைநாட்டுக்குத் தனியான ஓர் இடர்ப்பாடும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் வளி அடர்த்தி குன்றியிருத்தலால், வளியை இயல்பாக உறிஞ்சும் எஞ்சின் கொழும்பில் காட்டும் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும் பாதையிலும், கண்டியிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையிலும் இவ்விழப்பை எந்தச் சாரதியும் காலடியில் உணர்வான். ஆகவே சமவெளியில் ஒருவாறு பொறுக்கத்தக்க சிறிய எஞ்சின் மலையிற் பொறுக்கத்தக்கதன்று. மலைநாட்டு வண்டிகளில் எஞ்சின் மாற்றம் மிகுந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

பிரித்தானிய வண்டிகளின் காலம்

சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளில் தோட்டங்களில் ஓடிய வண்டிகள் பெரும்பாலும் பிரித்தானியாவிற் செய்யப்பட்டவை. அவற்றுள் இரண்டு இங்கே கருதத்தக்கவை.

முதலாவது லாண்ட் ரோவர். 1948 இல் வெளிவந்த இவ்வண்டி முதலில் 1,595 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள பெற்றோல் எஞ்சினைக் கொண்டிருந்தது. 1950களின் தொடக்கத்தில் அது 1,997 ஆகவும், 1958 இல் 2,286 ஆகவும் உயர்ந்தது. 1957 இல் 2,052 கன சென்ரிமீற்றர் டீசல் எஞ்சின் சேர்ந்தது. 1961 இல் அதுவும் 2,286 ஆயிற்று. பிற்பட்ட பெற்றோல் எஞ்சினும் டீசல் எஞ்சினும் கொள்ளளவில் ஒன்றே. அடிப்படை அமைப்பிலும் உடன்பிறந்தவை. ஆகையால் கொள்ளளவை மட்டும் அறிந்தவன் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. தீப்பொறிச் செருகிகளுக்குச் செல்லும் கம்பிகளும் காபரேற்றரும் இருப்பின் பெற்றோல். உட்செலுத்தும் பம்பியும் அதிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் செல்லும் மெல்லிய இரும்புக் குழாய்களும் இருப்பின் டீசல். எந்தப் பழைய எஞ்சினை ஆராய்வதற்கும் இதுவே முதற்படி.

இரண்டாவது மொரிஸ் மைனர். இதன் கால் தொன் பிக்கப் 1953 முதல் 1971 வரை செய்யப்பட்டது. தொடக்கத்தில் 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், 1956 முதல் 948 எஞ்சினும், 1962 முதல் 1,098 எஞ்சினும் அதிற் பொருத்தப்பட்டன. எஞ்சின் எண்ணின் முதலிலேயே இவ்வேறுபாடு பொறிக்கப்பட்டிருந்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து 948 எஞ்சினின் எண் 9 என்னும் இலக்கத்தோடும், 1,098 எஞ்சினின் எண் 10 என்னும் இலக்கத்தோடும் தொடங்கும். அடுத்து வரும் எம் என்னும் எழுத்து மொரிஸைக் குறிக்கும். முன்னடையின் இறுதியில் எச் என்றிருப்பின் உயர்ந்த அமுக்க விகிதம். எல் என்றிருப்பின் தாழ்ந்த அமுக்க விகிதம். தரங்குறைந்த பெற்றோல் கிடைத்த நாடுகளுக்காகத் தாழ்ந்த அமுக்க எஞ்சின் செய்யப்பட்டது. எனவே ஓர் எழுத்து அவ்வெஞ்சின் எத்தகைய சந்தையை நோக்கிச் செய்யப்பட்டது என்பதையும் உணர்த்தவல்லது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். எஞ்சின் பொன்னிறப் பூச்சுடன் காணப்படின், அது தொழிற்சாலையிலேயே புதுப்பிக்கப்பட்டு மாற்று எஞ்சினாக விற்கப்பட்டதாக இருக்கலாம். அந்நிலையில் அதன் எண் வண்டி பிறந்த காலத்தைக் காட்டாது. வண்டி முதன்முறை நோயுற்ற காலத்தையே காட்டும்.

கட்டுப்பாட்டுக் காலமும் கைவினைஞரும்

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இலங்கை அரசு இறக்குமதியை, சிறப்பாக மோட்டார் வண்டி இறக்குமதியை, கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1977 ஆம் ஆண்டின் இறுதியில் திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வரும் வரை, இடையிற் சில தளர்வுகள் இருந்தபோதிலும், புதிய வண்டி பெரும்பாலோர்க்கு எட்டாக் கனியாகவே இருந்தது. இக்காலத்தில் பழுதுபட்ட எஞ்சின் எறியப்படவில்லை. சிலிண்டர் தேய்ந்தால் அது கடைந்து அகலப்படுத்தப்பட்டது. உரிய பிஸ்டன் கிடையாவிடின் வேறொரு வண்டியின் பிஸ்டன் அளவு பார்த்துப் பொருத்தப்பட்டது. ஒன்றும் இயலாவிடின் முற்றிலும் வேறான எஞ்சினே பொருத்தப்பட்டது. மொரிஸ் மைனரில் 1,171 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நிசான் ஏ12 எஞ்சின் குடியேறியதும், லாண்ட் ரோவரில் ஜப்பானிய டீசல் எஞ்சின் குடியேறியதும் இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகவே. இவ்வாறு வளர்ந்த கைத்திறனின் அளவை மற்றொரு செய்தி விளக்கும். 1990களில் மொரிஸ் மைனரின் உதிரிப்பாகங்கள் இலங்கையிற் செய்யப்பட்டு, அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன.

மலைநாட்டில் இக்கைத்திறன் எவர் கையில் இருந்தது என்பதும் வரலாற்றாசிரியன் மறக்கத்தக்கதன்று. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்தின்படி ஒவ்வொரு வண்டிக்கும் பதிவும், அப்பதிவுக்குச் சான்றாக ஒரு புத்தகமும் உண்டு. அதற்கு மூன்றாண்டு முன்னர் இயற்றப்பட்ட 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமோ மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை எந்நாட்டுப் பதிவும் அற்றோராக்கியது. வண்டிக்குப் பத்திரம் இருந்தது. அதை ஓட்டியவனுக்கும் செப்பனிட்டவனுக்கும் பத்திரம் இருக்கவில்லை. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதென 1974 இல் முடிவாயிற்று. குடும்பங்கள் பிரிந்து கப்பலேறியபோது சாரதிகளும் கராஜ்த் தொழிலாளரும் அவர்களோடு சென்றனர். எந்த வண்டியில் எந்த எஞ்சின் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்னும் அறிவு ஏட்டில் இருந்ததன்று. அவர்கள் நினைவில் இருந்தது. அந்நினைவின் ஒரு பகுதி தாயகம் திரும்பியோர்க்காக 1968 இல் நீலகிரியில் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பெயர்ந்தது. ஒரு பகுதி வழியிலேயே அழிந்தது.

1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 இல் அவற்றின் மேலாண்மை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. இருமுறை கைமாறிய நிறுவனத்தின் வண்டிப் பதிவேடுகளிற் தொடர்ச்சி அறுந்து கிடப்பின் அது வியப்பன்று. இதனாலும் புறச்சான்றின் வலிமை குன்றியது. இரும்பையே வினவவேண்டிய தேவை மிகுந்தது.

ஜப்பானிய டீசலின் வருகை

1973 ஆம் ஆண்டின் எண்ணெய் விலை ஏற்றம் எரிபொருட் சிக்கனத்தை உலகெங்கும் முதன்மையாக்கியது. இலங்கையில் டீசல் நீண்டகாலமாகப் பெற்றோலினும் மலிவாகவே விற்கப்பட்டது. 1977க்குப் பின் இறக்குமதிக் கதவு திறந்தபோது உள்ளே வந்தவற்றுள் ஜப்பானிய டீசல் பிக்கப்புகள் முதலிடம் பெற்றன. அவற்றோடு ஜப்பானிற் பயன்படுத்திக் கழிக்கப்பட்ட எஞ்சின்களும் வந்திறங்கின. கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை அவ்வெஞ்சின்களின் பெருஞ்சந்தையாயிற்று. மலைநாட்டுக் கராஜில் எழும் ஐயங்கள் பெரும்பாலும் இக்காலத்து எஞ்சின்களைப் பற்றியவையே.

டொயோட்டா ஹைலக்ஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1968 இல் தோன்றிய இவ்வண்டி முதலில் பெற்றோல் எஞ்சினுடனேயே வந்தது. 1979 இல் எல் என்னும் டீசல் எஞ்சின் இதிற் சேர்ந்தது. அதன் கொள்ளளவு 2,188 கன சென்ரிமீற்றர். 1983 இல் 2எல் எஞ்சின் 2,446 கொள்ளளவுடனும், 1988 இல் 3எல் எஞ்சின் 2,779 கொள்ளளவுடனும், 1990களில் 5எல் எஞ்சின் 2,986 கொள்ளளவுடனும் தொடர்ந்தன. வண்டியின் சேசி எண் எல்.என். என்று தொடங்குமாயின், முதலெழுத்து எஞ்சின் குடும்பத்தையும் இரண்டாவது எழுத்து ஹைலக்ஸ் வகையையும் குறிக்கும். ஆர்.என்., வை.என். என்பன பெற்றோல் குடும்பங்களைக் குறிக்கும். இங்கேதான் பலர் தவறுகின்றனர். எல் என்னும் எழுத்து குடும்பப் பெயரே, தனிப்பெயர் அன்று. அவ்வெழுத்தைக் கொண்டு அவ்வண்டி டீசல் வண்டியாகப் பிறந்தது என்று துணியலாமேயன்றி, அதில் இன்றிருப்பது 2எல்லா 3எல்லா என்று துணிதல் இயலாது.

ஏனைய நிறுவனங்களுக்கும் தனித்தனி மரபுண்டு. நிசானின் எஸ்.டி.22 எஞ்சின் 2,164 கன சென்ரிமீற்றர். இசுசுவின் 4ஜே.ஏ.1 எஞ்சின் 2,499; அதன் உடன்பிறப்பான 4ஜே.பி.1 எஞ்சின் 2,771. மிற்சுபிசியின் 4டி56 எஞ்சின் 2,476. இவற்றுள் எதுவும் எந்த வண்டியிலும் காணப்படலாம்.

இனங்காணும் முறை

சான்றுகளை வலிமையின் வரிசையில் வைத்து நோக்குதல் நன்று. மிக மெலிந்த சான்று வண்டியின் உடலில் ஒட்டப்பட்ட பெயரும் அளவுக் குறியும். கதவோ பின்பலகையோ மாறியபோது அவையும் மாறியிருக்கும். அதனினும் சிறிதே வலியது எஞ்சினின் மேல்மூடியில் உள்ள எழுத்து; மேல்மூடி திருகாணிகளாற் பொருத்தப்பட்டதாதலின் அதுவும் கழன்று மாறத்தக்கது. எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள உலோகத் தகடு வண்டி பிறந்தபோது பெற்ற உறுப்புகளைக் கூறும். ஆயின் சாரதி அறை முழுவதும் வேறொரு வண்டியிலிருந்து மாற்றப்பட்டிருப்பின் அத்தகடும் அதனோடு வந்திருக்கும். ஆகையால் தகட்டின் எண்ணைச் சேசியின் முன்புறச் சட்டத்திற் பொறித்த எண்ணோடு ஒப்பிடல் வேண்டும்.

பதிவுப் புத்தகமும் எண்தகடும் அடுத்த நிலையின. 1950களின் பிற்பகுதியிலிருந்து பல்லாண்டு வழங்கிய ஸ்ரீ எழுத்து எண்களும், பின்னர் இடைக்கோடிட்ட எண்களும், 2000 ஆம் ஆண்டு முதல் மாகாணக் குறியுடன் வந்த ஆங்கில எழுத்து எண்களும் வண்டி முதற்பதிவு பெற்ற காலத்தை ஒருவாறு வரையறுக்கும். அவை எஞ்சினின் காலத்தை வரையறுக்கா.

எஞ்சினின் உடலிற் பொறித்த எண் அகச்சான்று. டொயோட்டாவில் அவ்வெண் 2எல், 3எல் என்னும் பெயருடனேயே தொடங்கும். கரியும் எண்ணெயும் படிந்த பிளாக்கின் பக்கத்தைத் துடைத்து, சீர்செய்த தட்டைப் பரப்பைத் தேடிக் கண்டு, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் படித்தல் வேண்டும். தேய்ந்த கல்வெட்டைப் படிப்போரும் சாய்ந்த ஒளியையே நாடுவர். எண்ணைச் சூழ்ந்த பரப்பு தேய்க்கப்பட்ட தோற்றமுடையதாயின், எண் பின்னர் வெட்டப்பட்டதோ என்னும் ஐயம் எழும். அந்நிலையில் வார்ப்பின்போதே பிளாக்கில் அமைந்த எழுத்துகளை நாடவேண்டும். வார்ப்பெழுத்தை மாற்றுதல் எளிதன்று.

எல்லாவற்றுக்கும் மேலானது அளவு. எஞ்சினைத் திறந்து செப்பனிடும் வேளையில் சிலிண்டரின் விட்டத்தையும், பிஸ்டன் மேலிருந்து கீழ் செல்லும் வீச்சையும் அளக்கலாம். விட்டத்தின் வர்க்கத்தை 0.7854 ஆற் பெருக்கி, அதனை வீச்சாலும் சிலிண்டர் எண்ணிக்கையாலும் பெருக்கினால் கொள்ளளவு கிடைக்கும். 9.2 சென்ரிமீற்றர் விட்டமும் 9.2 சென்ரிமீற்றர் வீச்சும் நான்கு சிலிண்டரும் இருப்பின் விடை 2,446, அது 2எல். இரண்டும் 9.6 ஆயின் விடை 2,779; அது 3எல். வீச்சு 9.6 ஆகவே இருந்து விட்டம் 9.95 ஆயின் விடை 2,986, அது 5எல்.

தேய்ந்த சிலிண்டரைக் கடையும்போது விட்டம் பெருகும், வீச்சு பெருகாது. ஆகவே பழைய எஞ்சினில் வீச்சே நேர்மையான சாட்சி. இசுசுவின் இரு எஞ்சின்களுக்கும் விட்டம் ஒன்றே, 93 மில்லிமீற்றர்; வீச்சு 92 ஆயின் 4ஜே.ஏ.1, 102 ஆயின் 4ஜே.பி.1. எனினும் அளவு மட்டுமே போதும் என்றிருத்தலும் தவறு. 2எல் எஞ்சினின் சிலிண்டர் ஒரு மில்லிமீற்றர் அகலக் கடையப்படின் அதன் அளவுகள் 93, 92 என்றாகும். அவை 4ஜே.ஏ.1 எஞ்சினின் அளவுகளே. அங்கு ஐயத்தைத் தீர்ப்பது அமைப்பு. டொயோட்டாவின் எல் குடும்பத்தில் வால்வுகளை இயக்கும் தண்டு எஞ்சினின் தலைமேல் உள்ளது. பல்லுள்ள இரப்பர்ப் பட்டி ஒன்றினால் அது சுழற்றப்படுகிறது. இசுசுவின் இவ்விரு எஞ்சின்களிலும் அத்தண்டு பிளாக்கினுள் உள்ளது. எனவே எண், வார்ப்பு, அளவு, அமைப்பு ஆகிய நான்கும் ஒரே விடையைக் கூறும்போதே முடிபு உறுதியாகும்.

பிழையின் விலை

இவ்வாராய்ச்சி வெறும் ஆர்வத்துக்கு உரியதன்று. டைமிங் பெல்ட் என வழங்கும் மேற்கூறிய இரப்பர்ப் பட்டிக்கு வரையறுத்த ஆயுள் உண்டு. எல் குடும்ப எஞ்சினில் ஏறத்தாழ 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அதனை மாற்றுதல் முறை. தன் வண்டியில் உள்ளது பற்சில்லு எஞ்சின் என்று தவறாக எண்ணிய சாரதி அப்பட்டியை ஒருபோதும் மாற்றான். அது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதும், எஞ்சின் நின்றுவிடும். எஞ்சின் நின்றால், பிரேக்குக்குத் துணைபுரியும் வெற்றிடத்தை உண்டாக்கும் பம்பியும் நிற்கும். மிதிபலகை கல்லாய் இறுகும். சமவெளியில் இது வழியோரத்து இடர்ப்பாடு. பின்தட்டில் கொழுந்துச் சாக்குகளும் அவற்றின்மேல் மனிதரும் இருக்க, கினிகத்தேனைச் சரிவில் இறங்கும் வண்டியில் இது உயிர்ப்பிரச்சினை.

சட்டத்தின் முன்னும் இவ்வினா எழுகிறது. எஞ்சின் மாறினால் அம்மாற்றத்தை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிவு செய்தல் வேண்டும். செய்யாதவர் வண்டியை விற்கும்போதும் விபத்தின்போதும் இடர்ப்படுவர். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில், அவ்வாண்டு யூலையில் தொடங்கிய தேசிய எரிபொருள் அனுமதி முறை வண்டியின் பதிவு விவரங்களையே அடிப்படையாகக் கொண்டது. பெற்றோல் வண்டியாகப் பதிவுபெற்றுப் பின் டீசல் எஞ்சின் ஏற்றப்பட்ட வண்டிக்கு, ஏடு ஓர் எரிபொருளைக் கூற எஞ்சின் மற்றோர் எரிபொருளைக் கேட்டது. அதுவரை கராஜுக்குள் அடங்கியிருந்த முரண்பாடு எரிபொருள் நிலையத்து வரிசையில் வெளிப்பட நேர்ந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வண்டி இறக்குமதி 2025 இன் தொடக்கத்திலேயே தனியார் வண்டிகளுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளும், 1960களைப் போலவே, பழைய வண்டியை மீண்டும் விலைமதிப்பற்றதாக்கின. பழைய எஞ்சினை அறிந்தவனைத் தேடிச் செல்லவும் வைத்தன.

முடிபு

நோயை அறிந்து, அதன் முதலை அறிந்து, அதன்பின்னரே மருந்து செய்தல் வேண்டும் என்பது தமிழர் நெடுங்காலம் போற்றிய நெறி. பழைய பிக்கப்பின் எஞ்சினை இனங்காணலும் அந்நெறியின்பாற்பட்டதே. பெயர்ப்பலகையை நம்பாது, ஏட்டை மட்டும் நம்பாது, பொறித்த எண்ணையும் வார்ப்பையும் அளவையும் அமைப்பையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் துணிபவன் வரலாற்று ஆராய்ச்சியாளன் செய்வதையே செய்கிறான்.

அவ்வாறு துணியப்பட்ட ஒவ்வொரு விடையும் ஒரு வரலாற்றுச் செய்தியாகும். மொரிஸ் வண்டியிற் காணப்படும் நிசான் எஞ்சின் செலாவணித் தட்டுப்பாட்டை உரைக்கிறது. லாண்ட் ரோவரிற் காணப்படும் ஜப்பானிய டீசல் திறந்த சந்தையை உரைக்கிறது. அவ்வெஞ்சின் அமர்வதற்காகப் பற்றாசு பிடித்துச் சேர்த்த இரும்புத் தாங்கிகள், பெயர் பதியப்படாத ஒரு கைவினைஞனின் கையெழுத்தாக நிற்கின்றன. அவர்தம் சந்ததியினர் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின்பின் குடிமக்களாகப் பதிவு பெற்றனர். ஆனால் அவர்தம் கைவேலையின் வரலாறு இன்னும் பதிவு பெறவில்லை. மலைநாட்டுக் கராஜ்களில் முதிய சாரதிகளும் பாஸ்மாரும் இருக்கும்போதே, வண்டி வண்டியாக, எண் எண்ணாக, மாற்றிய ஆண்டும் மாற்றிய காரணமும் சேர்த்து எழுதிவைத்தல் வரலாறு பயிலும் மாணவர் மேற்கொள்ளத்தக்க பணி. அதற்கு வேண்டுவன ஒரு குறிப்பேடும், ஒரு துணியும், சாய்த்துப் பிடிக்க ஒரு விளக்குமே. கல் ஆயிரம் ஆண்டு காத்திருக்கும். துருப்பிடிக்கும் இரும்பும் முதுமையுறும் மனித நினைவும் அவ்வளவு காத்திரா.